லாய வரிசையின் படம்

தண்டில், அதாவது கண்டோன்மென்ட்டில், நாங்கள் இருந்த சந்துக்கு லாய வரிசை என்று பெயர். வெள்ளைக்காரப் பட்டாளத்தின் குதிரைகளுக்குக் கட்டிய கொட்டடிகள். குதிரைகள் போனபின் நடுநடுவே சுவர் வைத்து வீடுகளாக்கிவிட்டார்கள். கதவுகளை மட்டும் மாற்றவில்லை. மேல்பாதி தனி, கீழ்பாதி தனி. பகல் முழுக்க மேல்பாதியைத் திறந்து போட்டு, கீழ்பாதியின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு நிற்போம். கீரைக்காரியிடம் பேரம், எதிர்வீட்டோடு சண்டை, சமாதானம் எல்லாம் அந்தப் பலகைமேல்தான்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் கழித்து, யாரோ வந்து சுவர்களில் சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். ரோடு அகலமாகப் போகிறதாம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எதற்கும் முன்கூட்டியே பயப்படுகிறவள் நான். மேகம் கறுத்தால் கூரையை நினைப்பேன், வெயில் ஏறினால் கிணற்றை நினைப்பேன். ஆறாவதோடு படிப்பை நிறுத்திவிட்டதால் எந்த ஆபீஸில் போய் யாரைக் கேட்பது என்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் போட்டோவுக்கு வர்ணம் பூசுவது. வீட்டுக்காரர் ஒரு ஸ்டூடியோவில் படம் பிடிக்கும் வேலையில் இருந்தார். கறுப்பு வெள்ளைப் படங்களைக் கொண்டுவந்து தருவார். பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்துக்கு ரோஜா நிறம், புடவைக்கு மாம்பழ நிறம் என்று நான் பூசிக் கொடுப்பேன்.

இடிப்பதை நிறுத்த முடியாது, சரி. இப்படி ஒரு வரிசை இருந்தது என்று காட்ட ஒரு படமாவது வேண்டும் என்று அவரை நச்சரித்தேன்.

"கதவையும் செவுத்தையும் எடுத்து என்னா பண்றது? மனுசங்களும் நின்னாதான் படம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு வருவதாக ஒப்புக்கொண்டார்.

அதுதான் வினையாகப் போனது. சேதி பரவி, ஞாயிறு காலையில் எல்லாரும் பட்டும் பவுடருமாக வந்து நின்றார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பெட்ஷீட்டோ ஜமுக்காளமோ தொங்கியது. ஒரு கதவும் கண்ணில் படவில்லை.

எதிர்வீட்டு அக்காவிடம் போய், "அக்கா, துணிய எடுத்துடுங்க. கதவு தெரியணும்னுதான் இந்தப் படமே" என்றேன். ஜட்கா வண்டி ஓட்டுகிறவரின் பெண்சாதி. வரிசையில் அவர் சொல்தான் எடுபடும்.

"குதிர கட்ன எடத்துல குடியிருக்கோம்னு ஊரு பூரா தெரியணுமா? எம்பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கினு கீறோம். நீ வோணும்னா தொறந்து போட்டுக்க. லாயத்துல கோணமூஞ்சி ஒண்ணு நிக்குதுன்னு பாக்கறவன் சிரிப்பான்."

வரிசை முழுக்கச் சிரித்தது. என் வீட்டுக்காரரும் சிரித்துக்கொண்டே கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார்.

என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டோ என்னவோ, மறுநாள் விடிகாலையில், யாரும் எழுந்திருக்குமுன், ஆளில்லாத வரிசையை, பிலிமுக்குப் பதிலாக அப்போது போடும் கண்ணாடித் தட்டு ஒன்றே ஒன்றில் பிடித்தார். கழுவிக் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். கறுப்பு வெளுப்பு மாறிக் கிடந்தாலும் ஒவ்வொரு கதவும் பாதிபாதியாகத் தெரிந்தது. அன்று இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டேன். மிச்சக் காகிதம் கிடைத்ததும் அச்சுப் போட்டுத் தருகிறேன் என்று தட்டை ஸ்டூடியோவுக்கே எடுத்துப் போனார். வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொன்னேன். உனக்கு எல்லாவற்றிலும் பயம் என்றார்.

அந்த ஸ்டூடியோவில் ஒரு வழக்கம் உண்டு. இனி யாரும் காப்பி கேட்டு வரமாட்டார்கள் என்று தோன்றும் தட்டுகளை வெந்நீரில் போட்டு, படத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, கண்ணாடியைப் பிரேம் போட வைத்துக்கொள்வார்கள். முகமே இல்லாத தட்டு கையில் கிடைத்ததும் முதலாளி யோசிக்கவே இல்லை. எந்தச் சாமி படத்துக்கு அந்தக் கண்ணாடி போனதோ.

வேறு தட்டுக்கு வீட்டுக்காரர் ஏற்பாடு செய்வதற்குள் கடப்பாரைகள் வந்துவிட்டன. அல்சூருக்கு அப்பால் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறினோம். மிஞ்சியது பெட்ஷீட் படம் மட்டும்.

அதன்மேலேயே கதவுகளை வரைந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எதிர்வீட்டு அக்காவின் முதுகுக்குப் பின்னால் தொங்கிய பூப்போட்ட துணியை மறைத்து, பலகை பலகையாகத் தீட்டினேன். தாழ்ப்பாளுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. கீழ்பாதியின் தாழ் உள்பக்கமா வெளிப்பக்கமா? எத்தனை வருஷம் போட்டுத் திறந்த தாழ்.

"வெளியேதான். குதிரைக்கு உள்ள எதுக்குத் தாழ்ப்பாள்?" என்றார் வீட்டுக்காரர். அதுவும் நியாயமாகப் பட்டது. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே தூங்கியிருக்கிறோமே.

படத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி அக்காவிடம் போனேன். பெண்ணுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. படத்தைக் கையில் வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"தாழ்ப்பா உள்ளயா வெளியவா, அக்கா?"

"யாருக்கு ஞாபகம் கீது? எம்மாம் நல்ல பெட்ஷீட்டு அது, அதுமேல போய் இந்தக் கர்மத்தப் பூசி வச்சிருக்க. சம்பந்தி வூட்டார் வந்தா எங்க மாட்றது இத? அழிச்சிட்டுக் குடு, கண்ணு."

எண்ணெய் வர்ணம் காய நாளாகும். டர்பன்டைன் தொட்ட பஞ்சால் துடைத்தேன், சுலபமாகவே போய்விட்டது. பூக்களுக்குச் சிவப்பு பூசி, அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.