நவுவா பஸ்ஸுல ஒரு கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் கேசட்டு

டீசல் வாசனை... மழையில நனைஞ்ச தார்ப்பாய் வாசனை... அதோட ஒரு இங்கிலீஷ் பாப் குரூப்போட கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்.

ஃபிஜித் தலைநகர் சுவாவுல டைப்பிஸ்டா இருந்தப்ப என் சாயங்காலம்னா இதுதான்.

குரூப் பேரு சொல்ல மாட்டேன். வயசு தெரிஞ்சுடும் :)

எங்க நவுவா பஸ்ஸோட டிரைவர் ஒரு ஃபிஜிக்காரர். செமின்னு பேரு. எல்லாரும் மோமோன்னுதான் கூப்பிடுவோம், அவங்க பாஷையில மாமா. சிட்னியில இருந்த அவரு தம்பி அனுப்பின கேசட்டு அது. ஒரு பக்கம் முடிஞ்சா மறுபக்கம்... வீடு வர்ற வரைக்கும் அதுதான். பஸ் ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, மழைன்னா தார்ப்பாய்தான், அதனால ரோட்டுல போறவங்களும் கூடவே பாடுவாங்க.

நானும் கமலாவும் கடைசி சீட்டு. அவளும் எங்க ஊரு நவுவாதான். பக்கத்து ஆபீஸ்ல வேலை.

அப்புறம் அந்த நாள் வந்துச்சு.

நம்ம இந்தியாளுங்க நிறைய பேர் இருந்த புது கவர்ன்மென்ட்டைக் கவுக்க ஆர்மி பார்லிமென்ட்டுக்குள்ள பூந்துடுச்சாம். மத்தியானமே ஆபீஸை மூடிட்டாங்க. பஸ் ஸ்டாண்டுல அவ்வளவு கூட்டம்.

மோமோ பஸ்ஸை எடுத்தாரு. கேசட்டு போடல. தினம் சிரிச்சுப் பேசிட்டு வர்ற நம்மாளுங்களும் ஃபிஜிக்காரங்களும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல.

லாமி டவுன் தாண்டினதும் சோல்ஜர்ங்க நிறுத்தினாங்க. ஒருத்தன் துப்பாக்கியோட ஏறி எங்களை ஒரு பார்வை பாத்தான். கமலா என் கையைப் பிடிச்ச பிடியில நகம் பதிஞ்சுது. மோமோ அவங்க பாஷையில என்னமோ பேசினாரு... பொறுமையா, ரொம்ப நேரம்.

அவன் இறங்கிட்டான்.

பஸ் கிளம்பினதும் மோமோ திரும்பிப் பாக்காமலே இந்தியில சொன்னாரு: "இது என் பஸ்ஸு. எல்லாரையும் வீட்டுல விட்டுட்டுத்தான் நான் போவேன்."

சொல்லிட்டு கேசட்டைத் தள்ளினாரு. சத்தம் கம்மியா...

முன்னாடி உக்காந்திருந்த ஒரு ஃபிஜிக்காரம்மாதான் முதல்ல பாடினாங்க. அப்புறம் கமலா, அழுதுகிட்டே. அப்புறம் பஸ்ஸே பாடுச்சு.

அன்னைக்கு அவரு நவுவா ஸ்டாண்டுக்குப் போகவே இல்ல. ஒவ்வொருத்தர் வீட்டுப் பக்கமும் நிறுத்தி, உள்ள போற வரைக்கும் பாத்துட்டுத்தான் வண்டிய எடுத்தாரு.

கொஞ்ச நாள்ல கமலா குடும்பத்தோட வான்கூவர் போயிட்டா. நான் கல்யாணமாகி ஆக்லாந்து வந்துட்டேன். மோமோ இறந்துட்டாருன்னு பின்னாடி சித்தி போன்ல சொன்னாங்க.

போன வாரம் கமலா கிட்ட பேசிட்டிருந்தேன். அன்னைக்கு நாம பாடினது அந்த மெதுவான பாட்டுதானேன்னேன். இல்லடி, அந்த டான்ஸ் பாட்டுன்னா. செம சண்டை. இப்பதான் முழு ஆல்பமும் போன்லயே இருக்கே... அவ அங்க போட, நான் இங்க போட, முதல்லேர்ந்து கேட்டோம்.

எந்தப் பாட்டக் கேட்டாலும் அதுதான்னு தோணுது.

அப்ப தோளோட தோள் இடிச்சுகிட்டு உக்காந்திருந்தோம். இப்ப அவளுக்கு ராத்திரின்னா எனக்கு சாயங்காலம். பஸ்ஸுல கூடப் பாடினவங்கள்ல பாதிப் பேர் எங்களை மாதிரியே எந்த நாட்டுல இருக்காங்களோ...

அவங்கள்ல யாராவது இதைப் படிச்சா, எந்தப் பாட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.