துரை பங்களாவுக்குக் கல்வெட்டு வைத்தோம்

ஜமுனாமரத்தூரில் துரை பங்களா என்று ஒரு கட்டடம் இருக்கிறது. கருங்கல் சுவர், ஓட்டுக் கூரை, முன்னால் நீளமான வராண்டா. வெள்ளைக்காரக் காட்டிலாகா துரை ஒருவர் வேட்டைக்கு வந்தால் தங்குவதற்குக் கட்டிக்கொண்டது என்கிறார்கள். அவர் எத்தனை நாள் தங்கினார், எதைச் சுட்டார், ஒருவருக்கும் தெரியாது. துரை போனதும் வௌவால் குடியேறியது. அப்புறம் அரசாங்கம் சுண்ணாம்பு அடித்து அதைப் பிரசவ ஆஸ்பத்திரி ஆக்கியது. நான் நர்ஸ் வேலைக்கு வந்தது அங்கேதான். ஆலங்காயத்துக்காரி நான். வேலைக்காக மலை ஏறியவள், ரிட்டயர் ஆன பிறகும் இறங்கவில்லை.

புது ஆஸ்பத்திரி வந்ததும் பங்களாவைப் பூட்டிவிட்டார்கள். மலை பார்க்கக் கார்களில் ஆட்கள் வரத் தொடங்கிய பிறகுதான் ஊருக்கு அந்தக் கட்டடத்தின் ஞாபகம் வந்தது. பழமையான கட்டடமாம், கல்வெட்டு வைக்க வேண்டுமாம். குழு போட்டார்கள். புளி மண்டி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் தலைவர். குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், என்னைச் சேர்த்தார்கள். எனக்கு வாய் உண்டு என்பதை அந்த நேரத்தில் மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

முதல் கூட்டத்தில் தலைவர் வாசகத்தைப் படித்தார். "துரை அவர்கள் ஓய்வெடுத்த வரலாற்றுச் சிறப்புமிக்க மாளிகை." எனக்குச் சுருக்கென்றது.

"தலைவரே, ஓய்வெடுத்தவர எழுதிட்டீங்க. கண்ணு மூடாம வேலை பாத்தவங்கள எப்ப எழுதப் போறீங்க? இந்த மலைப் புள்ளைங்க பொறந்த எடம்னு ஒரு வரி போடுங்க."

"பிரசவத்த போயி கல்லுல எழுதுவாங்களா நர்சம்மா? வெளியூர் ஜனம் வந்து படிக்கிற எடம். இன்னா நெனைப்பாங்க?"

"அவங்க எல்லாம் வானத்துலருந்தா குதிச்சாங்க?"

மற்றவர்கள் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. இடம் இருந்தால் பார்க்கலாம் என்றார். அந்த ஒரு வரிக்காக நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. என் இளமையை முழுக்க அந்தக் கருங்கல் சுவருக்குள் கொட்டியிருக்கிறேன். வெந்நீர் வைத்து, திட்டி, கெஞ்சி, தலையைத் தடவி, எத்தனை பெண்களை முக்கச் சொல்லியிருப்பேன்! அத்தனையும் துடைத்துவிட்டு, துரை கால் நீட்டிப் படுத்ததை மட்டும் பொன் எழுத்தில் எழுதினால் வயிறு எரியுமா எரியாதா?

அடுத்த கூட்டங்கள் எல்லாம் பெயர்ச் சண்டையில் போயின. தலைமை யார், முன்னிலை யார், யார் பெயருக்கு மேலே யார் பெயர், எழுத்து யாருக்குப் பெரிசு. வரவேற்புரைக்காரருக்கு இடம் கொடுத்தால் நன்றியுரைக்காரர் முறைத்துக்கொண்டார். வாழ்த்துரை வழங்க ஊரில் பாதிப் பேர் தயாராக இருந்தார்கள். யார் மனசும் நோகாமல் எல்லோரையும் ஏற்றியதில் என் வரிக்கு இடம் இல்லாமல் போனது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். துக்கத்தில் இல்லை, கோபத்தில்.

கல் திருப்பத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்தது. சாக்கு சுற்றி, கடைசி சீட்டுக்குக் கீழே படுக்க வைத்திருந்தார்கள். வளைவுக்கு வளைவு அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்து பயணிகளின் காலை இடித்ததாம். "துரை இப்பவும் சும்மா இருக்கமாட்டேங்கறாரு" என்று கண்டக்டர் சொல்லிக்கொண்டே இறக்கினார். பளபளப்பான கருப்புக் கல். துரைக்கும் மாளிகைக்கும் மேலே இரண்டு வரி, மிச்சமெல்லாம் பெயர்கள். தலைவர் பெயர் எல்லாவற்றையும்விடக் கொழுத்திருந்தது. பங்களா முன்சுவரில் பதித்து, நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம் அளவுக்குப் பித்தளைக் குமிழ் வைத்தார்கள். அது தலைவரின் யோசனை. குமிழ் இருந்தால்தான் கம்பீரமாம்.

திறப்பு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் சமவெளியிலிருந்து வந்தார். மலைப்பாதை அவரைப் படாத பாடு படுத்திவிட்டது. காரை விட்டு இறங்கியதும் பூங்கொத்தை வாங்கவில்லை, ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். நான்தான் உப்புப் போட்டு எலுமிச்சை ஜூஸ் கொடுத்து வராண்டாவில் படுக்க வைத்தேன். துரைக்குப் பிறகு அங்கே ஓய்வெடுத்த முதல் ஆள் அவர்தான். வாழ்த்துரைகள் முடியும்வரை எழுந்திருக்கவில்லை, கெட்டிக்காரர். பிறகு எழுந்து வந்து திரையை இழுத்தார். தலைவரின் மனைவி மஞ்சள் பட்டுச் சேலையில் வந்து, கல்லுக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தார். நல்ல காரியம் என்றால் வைப்பதுதானே என்று யாரும் ஒன்றும் நினைக்கவில்லை.

அங்கேதான் கோட்டை விட்டார்கள். எங்கள் மலையில் கொல்லை ஓரத்தில் பழங்காலத்து நடுகற்கள் நிற்கின்றன. ஒரு கல்லை நிறுத்தி மஞ்சள் பூசிவிட்டால் அது வெறும் கல் கிடையாது, அதற்குள் யாரோ வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். சந்தைக்குச் சாமையும் புளியும் கொண்டுவந்த பெண்கள் பங்களாவில் கல் பார்த்தார்கள், மஞ்சள் பார்த்தார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கவும் செய்தார்கள். வாழ்த்துரை, நன்றியுரை என்று என்னென்னவோ இருந்ததே தவிர, கல்லுக்குள் இருப்பது யார் என்று அதில் இல்லை. ஆனால் அந்த இடம் எதற்கு என்பது அவர்களுக்குக் கல்வெட்டு சொல்லியா தெரிய வேண்டும்?

"நம்ம பிரசவ வூட்டுக்கு ஆத்தா வந்துட்டா நர்சம்மா" என்றாள் ஒருத்தி, என் கையில் பிறந்தவள்.

கல்யாணமாகிக் குழந்தை தங்காத ஒரு பெண், சேலைத் துணியைக் கிழித்துக் குட்டித் தொட்டில் செய்து, மேல்பக்கத்துக் குமிழில் கட்டிவிட்டுப் போனாள். கோயில் மரத்தில் கட்டுவோமே, அதே மாதிரி. கொஞ்ச நாளில் அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று செய்தி பரவியது. தொட்டில் கட்டும் முன்பே அவளுக்கு நாள் தள்ளிப் போயிருந்தது எனக்குத் தெரியும். என்னிடம்தான் வந்து கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. நர்ஸ் அப்படியெல்லாம் வெளியே சொல்லக் கூடாது. எவ்வளவு வசதியான விதி!

அதற்கப்புறம் பார்க்க வேண்டுமே! சந்தை நாளுக்குச் சந்தை நாள் தொட்டில் கூடியது. வாணியம்பாடியிலிருந்து ஒரு பாய் குடும்பம் வந்து, "இங்கதானேங்க நர்சம்மா?" என்று என்னிடமே வழி கேட்டது. மேலே இருந்த இரண்டு குமிழ்களிலிருந்தும் தொட்டில்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கி, துரையை மூடி, மாளிகையை மூடி, தலைமையையும் முன்னிலையையும் மூடிவிட்டன. கீழே நன்றியுரை மட்டும் தெரிந்தது. நன்றியுரைக்காரர் தினமும் அந்தப் பக்கமாக நடைப்பயிற்சி போக ஆரம்பித்தார்.

தலைவர் கொதித்துப் போய் என் வீட்டுக்கு வந்தார். "நர்சம்மா, எம் பேரே தெரியலிங்க! நீங்க சொன்னா பொம்பளைங்க கேப்பாங்க. அவுத்துடலாம், வாங்க."

"நான் ஒரு வரிதானே கேட்டேன் தலைவரே, அத நீங்க குடுத்திருந்தா..." என்று ஆரம்பித்தேன். கையெடுத்துக் கும்பிட்டார். சரி, பாவம் என்று கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கூடவே போனேன். உண்மையைச் சொன்னால், எனக்கு வெட்ட மனசே இல்லை.

கத்தரிக்கோலை அவரே வாங்கிக்கொண்டார். தன் பெயர் இருக்கும் பக்கத்துத் தொட்டில்களை ஒதுக்கினார். அடியில் ஒரு தொட்டில் சரியாக அவர் பெயரின் மேலேயே கிடந்தது. மஞ்சள் பட்டு, அரக்குக் கரை. திறப்பு விழாவன்று அவர் மனைவி கட்டியிருந்த அதே சேலை. அவர் கை அப்படியே நின்றது.

அவருடைய ஒரே மகளைத் திருப்பத்தூரில் கட்டிக்கொடுத்துப் பல வருஷம் ஆகிறது, இன்னும் குழந்தை இல்லை. ஊரில் யாரும் அதைப் பற்றி அவரிடம் பேச மாட்டோம், அவரும் பேச மாட்டார். அந்தப் பெண்ணும் இந்தப் பங்களாவில்தான் பிறந்தாள். நான்தான் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தேன். அன்றைக்கு வராண்டா தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார் மனிதர்.

கத்தரிக்கோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பட்டுத் தொட்டிலின் முடிச்சை அவிழ்த்து, இழுத்து இறுக்கி மறுபடி போட்டார்.

"லூசா கட்டிக்கீறா. அவளுக்கு முடிச்சே போட வராது" என்றார்.

நர்ஸ் புத்தி எங்கே போகும்? "தொட்டில் அது பாட்டுக்கு இருக்கட்டும் தலைவரே. பொண்ணையும் மாப்ளையையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைங்க. ரெண்டு பேருக்கும் டெஸ்ட் எடுக்கணும். அவளுக்கு மட்டும் இல்ல, ரெண்டு பேருக்கும்."

தலையை ஆட்டினார்.

"நர்சம்மா, நீங்க கேட்ட அந்த வரி. இப்ப எங்கியாச்சும் எழுதிடலாமா?"

"எடம் எங்க இருக்கு தலைவரே?" என்றேன். "அதான் எழுதிட்டாங்களே, உங்க வூட்டம்மாவும் சேர்ந்து."