மதகடிப்பட்டில் நான் குடிகாரனான காலை

இன்று காலை மதகடிப்பட்டில் பேருந்தைவிட்டு இறங்கியதும் கால்கள் பின்னின, நாக்கு குழறியது. இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பிய மடத்தனம் என்னுடையது.

ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் மூளை பட்டினி கிடக்கும். படித்த படிப்பெல்லாம் உதவாது. ஆனால் சாராயக்கடைகளுக்கு நடுவே வாழும் நம் ஊர் மேதைகளுக்கு, தடுமாறுகிறவன் என்றால் குடிகாரன் மட்டும்தான்.

டீக்கடைச் சர்க்கரை டப்பாவில் கைவைத்தேன். கடைக்காரர் தட்டிவிட்டார்.

"இன்னாய்யா, காலையிலேயே ஊத்திக்கினு வந்துட்டியா?"

அங்கே நின்றிருந்த என் சித்தப்பா மகன் முந்திக்கொண்டான். "எங்க அண்ணன்தான்பா. வூட்டுக்குத் தெரியாம குடிக்கிறாரு, வுட்ரு."

நான் மதுவைத் தொட்டதே இல்லை. அது அவனுக்கும் தெரியும். நிலத்தகராறில் என்னிடம் தோற்றவன்.

டப்பாவைப் பிடுங்கிச் சர்க்கரையை அள்ளி வாயில் போட்டேன். சற்று நேரத்தில் தலை தெளிந்தது. "லோ சுகர்" என்றேன். கடைக்காரர் வேறுபக்கம் பார்த்தார். தம்பி செல்போனைச் சட்டைப்பையில் போட்டான். அதற்குள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு நான் தடுமாறிய படம் போய்விட்டிருந்தது.

அவனும் போன மாதம் இன்சுலின் ஆரம்பித்திருக்கிறான். ஒருநாள் தடுமாறுவான். சர்க்கரை கண்டிப்பாகக் கொடுப்பேன். படம் எடுப்பது அதற்கு முன்பா பின்பா என்று மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.