இருபத்தேழு பாகை

வாவியைக் கடக்கும் மண்முனைப் பாலத்தில் ஏறுவதற்கு முன் அத்தான் கச்சான் பையைத் தனக்கும் எனக்கும் நடுவில், கைப்பிரேக்கின் பக்கத்துப் பள்ளத்தில் செருகினார். ஆரையம்பதிச் சந்தியில் வாங்கியது, வறுத்தது, கோதோடு. எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து தோலைக் காய்ச்சிக்கொண்டு வரும் காற்றுக்கும் கச்சான் என்றுதான் பெயர். அன்று உச்சி நேரத்தில் இரண்டுமே அந்தக் கூரை திறந்த காருக்குள் இருந்தன.

"கூரையப் போடுவமா அத்தான்?"

"கூரை போடுறதுக்கா மச்சான் நான் கட்டாரில இருந்து வந்தன்?"

அவர் என் அக்காவின் கணவர். கட்டாரில் கம்பி கட்டும் வேலை. வீடு கட்டி, கிணறு கட்டி, மூன்று பிள்ளைகளுக்கும் கட்டில் மேசை வாங்கிப் போட்ட பிறகு, தனக்கென்று அவர் வாங்கிய ஒரே பொருள் அந்தக் கார்தான். யப்பானில் செய்த பழைய விளையாட்டுக் கார். இரண்டு பேர் மட்டும் இருக்கலாம். எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும். "மூண்டு பிள்ளையப் பெத்துப்போட்டு ரெண்டு பேர் இருக்கிற கார் வாங்கின ஒராளக் காட்டுங்க பாப்பம்" என்று அக்கா வருகிறவர்களிடமெல்லாம் கேட்பாள்.

பார்க்க அழகு. ஓட்டினால் ஆட்டோக்காரன் முந்திக்கொண்டு போவான். "அதுக்கு டர்போ போடலாமா? நீ செய்வியா?" என்று அத்தான் கட்டாரிலிருந்து தொலைபேசியில் கேட்டார். ஓம் என்றேன்.

எங்கள் அப்பா வாவியில் வலை போடுபவர். கையெழுத்துக் கேட்டால் பெருவிரலை நீட்டுபவர். பள்ளிக்கூடத்தை முழுதாகத் தாண்டி, மலைநாட்டுக்குப் போய் இயந்திரப் பொறியியல் படித்து வந்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். அதனால் நான் ஓம் என்றால் அதை வீட்டில் யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

டர்போ என்பது, எஞ்சின் கழிக்கும் புகையின் வேகத்தில் சுழன்று, அதே எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி அனுப்பும் ஒரு விசிறி. விபத்தில் நசுங்கிய சின்ன வான் வண்டி ஒன்றிலிருந்து அதைக் கழற்றி எடுத்தேன். அதைத் தாங்கும் குழாயை ஏறாவூரில் இரும்புக் கேற் ஒட்டும் ஒரு முஸ்லிம் அண்ணர், நாங்கள் காக்கா என்று கூப்பிடுபவர், செய்து தந்தார். ஒட்டிய இடம் இரண்டு தரம் வெடித்தது. மூன்றாம் தரம் ஒட்டும்போது, "மகன், இதுவும் வெடிச்சா நீங்க படிச்சத நான் மறந்திர்றன், நான் ஒட்டினத நீங்க மறந்திருங்க" என்றார். அது வெடிக்கவில்லை.

அமுக்கிய காற்று சூடாகும். அதைக் குளிர வைக்க இடையில் ஒரு பெட்டி வைப்பார்கள். வைக்க இடமும் இல்லை, வாங்க வசதியும் இல்லை. அமுக்கத்தைக் குறைவாக வைத்தால் பெட்டி இல்லாமலே சமாளிக்கலாம் என்று கொப்பியில் கணக்குப் போட்டேன். முதல் வரி: உள்ளே வரும் காற்றின் சூடு, இருபத்தேழு பாகை. பல்கலைக்கழகத்தில் எங்கள் கணக்குகள் பெரும்பாலும் அந்த எண்ணில்தான் தொடங்கும். மாரி முழுவதும் வேலை செய்து, தை மாதக் காலைகளில் ஓட்டிப் பார்த்தேன். வாவிக்கு மேல் பனி கிடந்த நேரம். கார் ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது.

ஒன்றை மட்டும் அத்தானிடம் முன்பே சொல்லியிருந்தேன். இந்த எஞ்சின் போனால் போனதுதான். தேடித் திரிந்த இடமெல்லாம் இதற்கு மாற்று இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

"நீ இருக்கிறாய்தானே" என்றார்.

பாலம் முடிந்து மேற்குக் கரையான படுவான்கரையில் இறங்கியதும் காற்று மாறியது. வாவிக்கு மேலாவது ஓர் ஈரம் இருந்தது. இங்கே இரண்டு பக்கமும் காய்ந்து வெடித்த வயல்கள், வட்டைக்குப் பின் வட்டையாக, கண்ணுக்கு எட்டும் வரை. அவற்றையெல்லாம் தடவிக்கொண்டு வந்த கச்சான், அடுப்பங்கரைக் கதவைத் திறந்ததுபோல முகத்தில் அடித்தது. அத்தான் காலை அழுத்தினார். அமுக்கம் காட்டும் மீற்றரில் முள் எழும்பியது. முதுகு இருக்கையில் ஒட்டியது.

"அம்மாடி! பின்னால ஆரோ தள்ளுறாங்க மச்சான்!"

அவர் சிரித்த சிரிப்பை என்னால் மறக்க முடியாது. நானும் சிரித்தேன். எனக்கு அப்போது என் கொப்பியைப் பற்றிக்கூடப் பெருமையாக இருந்தது.

முன்னால் விறகு ஏற்றிய ஓர் உழவு இயந்திரம் போய்க்கொண்டிருந்தது. தெரு நேராகக் கிடந்தது. அத்தான் வலது பக்கம் எடுத்து, காலை முழுதாக அழுத்தினார். பாதி முந்தியபோது, தூரத்துக் கானலுக்குள்ளிருந்து ஒரு பஸ் வெளியே வந்தது. அதே நேரத்தில்தான் அந்தச் சத்தம் கேட்டது.

சலசலவென்று மெல்லிய, காய்ந்த சத்தம். சூடான மணலில் கச்சான் புரளும்போது சட்டியிலிருந்து வருமே, அப்படி. பைதான் அதிர்கிறது என்று நினைத்தேன். பையை இழுத்தெடுத்து நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தேன்.

சத்தம் நிற்கவில்லை. அது என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

எனக்கு விளங்கிவிட்டது. உள்ளே போகும் காற்று அளவுக்கு மிஞ்சிச் சூடானால், பெற்றோல் தீப்பொறியின் சொல் கேட்டு எரியாது. தன் பாட்டில் வெடிக்கும். ஒவ்வொரு வெடியும் பிஸ்டனின் தலையைக் கொத்தும். இப்படிச் சில நொடிகள் போனாலே ஓட்டை விழும். காலை எடுங்க என்று கத்த வாய் திறந்தேன். இடது பக்கம் விறகு, எதிரே பஸ். இப்போது காலை எடுத்தால் நடுவில் அகப்பட்டுக்கொள்வோம். வாயை மூடினேன். பஸ் ஹோன் அடித்தது. சத்தம் தடித்தது. கச்சான் கோதுகள் என் கைக்குள் நொறுங்கின.

உழவு இயந்திரத்தின் மூக்கைத் தாண்டி இடது பக்கம் வந்தோம். பஸ் எங்களை உரசினாற்போலப் போனது.

"காலை எடுங்க அத்தான்! எடுங்க! ஓரமா விடுங்க!"

"என்ன, பயந்திட்டியா?"

"எஞ்சின் அத்தான்!"

அவர் முகத்திலிருந்து சிரிப்பு போவதைப் பார்த்தேன். ஒரு மருதமரத்தின் கீழே கார் நின்றது.

பின் மூடியைத் திறந்து பிளக்குகளைக் கழற்றினேன். விரல் சுட்டது. பொறுத்திருந்து கழற்ற மனம் வரவில்லை. அத்தான் தலைக்கு மேல் நின்றார். மூன்று சிலிண்டர், மூன்று பிளக். முதலாவதின் நுனி பால் தேநீர் நிறத்தில் இருந்தது. நல்லது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதின் வெள்ளைப் பீங்கானில் வெள்ளிப் பொடி தூவியதுபோல் சின்னச் சின்னப் புள்ளிகள்.

"என்ன அது?"

"பிஸ்டன்."

"பிஸ்டன் எஞ்சினுக்குள்ளதானே இருக்கோணும்?"

"கொஞ்சம் வெளிய வந்திருக்கு அத்தான்."

பெற்றோல் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். வீட்டில் எல்லோரும் நம்பியிருப்பார்கள். பெற்றோல் அடித்த இடத்தைத் திட்டிவிட்டு எனக்குத் தேநீர் தந்திருப்பார்கள். அந்தச் சொல் நாக்கின் நுனி வரை வந்ததை இங்கே மறைக்க விரும்பவில்லை.

"என்ட பிழை அத்தான். கணக்கில காத்து இருபத்தேழு பாகை எண்டு போட்டுட்டன்."

"எந்தக் காத்து?"

"இந்தக் காத்து."

அவர் மேற்குப் பக்கம் திரும்பி, கண்ணை மூடி, முகத்தைக் காற்றுக்குக் கொடுத்தார்.

"இதா? நீ படிச்ச இடத்தில கச்சான் வீசாதா மச்சான்?"

"இல்ல."

"நீ பிறந்த இடத்தில?"

நான் பிளக்கைத் துணியால் துடைக்கத் தொடங்கினேன். அவர் போய் மதகில் குந்தினார். அவருடைய லீவில் இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அந்த உழவு இயந்திரம் வந்து சேர்ந்தது. ஓட்டி வந்தவர் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தார். "இப்பதானே தம்பிமார் பறந்தீங்க? இறக்கை கழண்டிட்டா?"

"ஓமண்ண, காயப் போட்டிருக்கம்" என்றார் அத்தான். உழவு இயந்திரம் போன பிறகு என்னிடம் திரும்பினார். "சொல்லு. இது ஊருக்குப் போகுமா, போகாதா?"

டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயைக் கழற்றி, எஞ்சின் அமுக்கமில்லாத வெறுங்காற்றை இழுக்கும்படி விட்டேன். பிளக்குகளைத் திரும்பப் பூட்டினேன். மூன்றாவது இரண்டு தரம் புரி பிடிக்கவில்லை.

"அடிங்க அத்தான்."

ஸ்டார்ட்டர் சுழன்றது. பிடிக்கவில்லை. மறுபடி அடித்தார். ஒன்று பிடித்தது, இரண்டாவது சேர்ந்தது, கார் நொண்டிக்கொண்டு குலுங்கியது. நான் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்தேன். பிஸ்டனில் ஓட்டை விழுந்திருந்தால் அந்த வாயால் புகை அடித்துத் தள்ளும். மெல்லிய ஆவிதான் கையில் பட்டது. பிறகு மூன்றாவதும் வந்து சேர்ந்தது. குலுக்கம் நின்றது.

"இருக்கு" என்றேன். "இருக்கு அத்தான். சுட்டிருக்கு, ஆனா இருக்கு."

"அப்ப ஏறு. கிறுக்கிக்கொண்டு வீட்ட போவம்."

காரைத் திருப்பிக்கொண்டு, சைக்கிள் வேகத்தில் பாலத்தைத் தாண்டினோம். மிச்சக் கச்சானில் ஒன்றை உடைத்து அத்தான் என் பக்கம் நீட்டினார். வாங்கிச் சட்டைப் பையில் போட்டேன்.

"என்ன கெதியா வந்திட்டீங்க?" என்று அக்கா வாசலில் நின்று கேட்டாள்.

"கச்சான் முடிஞ்சிட்டு" என்று சொல்லிவிட்டு அத்தான் கிணற்றடிக்குப் போனார். நடந்ததை நான்தான் அக்காவுக்குச் சொன்னேன். அப்பா வலையில் முடிச்சுப் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். இருபத்தேழு பாகை என்றால் எவ்வளவு சூடு என்று கேட்டார். தை மாதத்து விடியல் என்றேன். நிமிர்ந்து என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு அடுத்த முடிச்சைப் போட்டார்.

அடுத்த நாள் ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் சோதித்தேன். மூன்றாவது சிலிண்டர் மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் இளைத்திருந்தது, ஓடும். அன்று உச்சி வேளையில், எஞ்சினை ஓடவிட்டு, காற்றை உள்ளே இழுக்கும் வாயில் வெப்பமானியைக் கட்டினேன். முற்றத்துத் தென்னைகளைக் கச்சான் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. கொப்பியில் முதல் வரியை வெட்டிவிட்டு, அதற்குப் பக்கத்தில் பேனையை வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தேன். அத்தான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எஞ்சினுக்கு மேல் குனிந்தார்.

"நாப்பத்தொண்டு. பொறு, ஏறுது. நாப்பத்தஞ்சு. இன்னும் ஏறுது மச்சான்." இன்னும் கிட்டக் குனிந்தார். "அம்பத்திரெண்டு. நிண்டிட்டு. எழுதிட்டியா?"

"எழுதிட்டன்."

"எங்க, காட்டு."

கொப்பியைத் திருப்பிக் காட்டினேன். அதுவரை அதைக் காட்டச் சொல்லி வீட்டில் யாரும் கேட்டதில்லை. அவர் வியர்வையைத் துடைத்துவிட்டு, எண்ணை விரலால் தொட்டு வாசித்தார்.