காது மடலில் ஒரு சொட்டு ரத்தம்

மெட்ராஸ் ராஜ்யம் தமிழ்நாடு என்று பெயர் மாறிய தை மாதம் அது. மனிதன் நிலாவில் இன்னும் கால் வைக்கவில்லை. போன வாரம் தென்னேரியிலிருந்து தேவராஜின் மகன் போன் செய்து, "அப்பா போயிட்டாருங்க" என்றதும் அந்தத் தை மாதம்தான் என் கண்ணில் வந்து நின்றது.

எழுத்து தெரியாத நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள். நம் ஊர்க்காரர்களே, உங்களில் பலருக்குத் தேவராஜைத் தெரியும். மலேரியா ஆபீஸிலிருந்து வீடு வீடாக வந்து, காய்ச்சல் கண்டவர்களின் விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் போவார். எங்கள் தெருவில் மட்டும் யாரும் விரல் நீட்டியதில்லை. தறியில் பாவு, அதாவது நீளவாட்டு இழை, பூட்டியிருக்கும்வரை நெசவாளியின் விரலில் ஊசி படக்கூடாது. விரல் நுனி பிசிறினால் பட்டு சிக்கும். ஒரு பொட்டு ரத்தம் பட்டால் முகூர்த்தப் புடவை வீண். பாவு இல்லாத நாள் எங்களுக்கு ஏது?

அந்த வருடம் உலகம் முழுக்கப் பரவிய புதுக் காய்ச்சல் எங்கள் தெருவுக்கும் வந்தது. வீட்டுக்கு நாலு பேர் படுத்தார்கள், எழுந்தார்கள். என் தங்கை தனமும் எழுந்தாள். ஒரு வாரம் கழித்து மறுபடி படுத்தாள். ஒருநாள் நடுங்கிக் கொதிப்பாள், மறுநாள் நன்றாக இருப்பாள். அதே காய்ச்சலின் மிச்சம் என்று நினைத்தோம். டாக்டரும் அதையே சொன்னார். ஆறாம் முறை நடுங்கியபோது அவளுக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை.

அன்று தேவராஜ் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் படுத்துவிட்டதால் அவர்கள் தெருக்களிலும் அவரே நடந்துகொண்டிருந்தார்.

"நாள் விட்டு நாள் வந்துகினு இருக்குதாப்பா?" என்று என்னைக் கேட்டார்.

"ஊருக்கே வந்துச்சே சார், அந்தக் காய்ச்சல்தான்."

"ஒரு உடம்புல ஒரு காய்ச்சல்தான் குடியிருக்கணும்னு எவன் சொன்னான்?"

அப்பா குறுக்கே வந்தார். "இழை பிணைக்கிற விரலுப்பா அது. ஊசி வேணாம்."

"சரிங்க, காதைக் குடுங்க. காதால நெய்யற ஆளு இந்தத் தெருவுல இருந்தா சொல்லுங்க."

அந்த நிலைமையிலும் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வழிவிட்டார்.

தேவராஜ் தனத்தின் காது மடலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் எடுத்துக்கொண்டார். நாலு மாத்திரையை அப்போதே அவளுக்குக் கொடுத்தார். ரத்தம் பார்க்கும் ஆளும் காய்ச்சலில் கிடந்ததால், அந்தக் கண்ணாடித் துண்டோடு செங்கல்பட்டுக்கு ரயில் ஏறினார். மறுநாள் வந்து, "மலேரியாதான்" என்றார். அதன்பின் தினமும் வந்து, அவள் மருந்தை விழுங்கும்வரை நின்றார். "நாக்கைத் தூக்கும்மா. அடியில ஒளிச்சு வச்சு என்னை ஏமாத்தாதே."

அதற்குப் பிறகு தெருவே அவருக்குக் காதைக் கொடுத்தது. இன்னும் ஏழு பேருக்கு மலேரியா இருந்தது. எல்லோரும் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்த ஊரில், அதற்குள் ஒளிந்திருந்த இன்னொன்றைத் தனியாக நின்று பார்த்த அந்த மனிதரை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது. ஊர் மொத்தமும் ஒன்றைச் சொன்னால், இரண்டாவதாக ஏதாவது இருக்குமோ என்று ஒருமுறை கேட்டுவிடுவேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.

அந்த ஏழு பேரும் வாழ்ந்து, வயதாகிப் போய்ச் சேர்ந்தார்கள். இப்போது அவரும் போய்விட்டார். அன்று அவர் ரத்தம் எடுத்துக் காப்பாற்றியவர்களில் இருப்பது தனம் ஒருத்திதான்.