கலையரசிக்கு வந்த துடைப்பம்

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஜவுளிக்கடையில் நாளெல்லாம் சேலை விரித்துக் காட்டி, மடித்து அடுக்கிவிட்டு வீடு திரும்பும்போது ஆரோக்கியசெல்விக்குக் கால் இரண்டும் மரத்துப் போயிருக்கும். கடை ஊழியர்கள் உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று சட்டம் வந்தது. முக்காலியும் வந்தது. அதில் முதலாளியின் சாப்பாட்டுப் பை உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் காலோடு வந்துதான் அவள் மகள் கலையரசியோடு தரையில் உட்காருவாள். மகளுக்கு ஐந்து வயது. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிச் சாயத்தில் தோய்த்துப் பூ அச்சு வைப்பார்கள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையின் தோலை ஒட்டிக் குருவி செய்வார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் தெருப் பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொள்ள, வீட்டுத் தரை பூராவும் கஞ்சிப் பசையாகும். திட்டிக்கொண்டேதான் துடைப்பாள். ஆனால் ஒரு நாளும் பிள்ளைகளின் கையிலிருந்து கத்தரிக்கோலைப் பிடுங்கித் தானே வெட்டிக் கொடுத்ததில்லை.

பள்ளிக்கு இது பிடிக்காது. கலையரசி படிப்பது தனியார் பள்ளி. கட்டாயக் கல்விச் சட்டத்தின் ஒதுக்கீட்டில் கிடைத்த இடம். அங்கே வாரம் ஒரு 'ஆக்டிவிட்டி' உண்டு. குழந்தை செய்ய வேண்டியதைத் தாய் செய்வாள்; தாய்க்கு நேரமில்லை என்றால் ஸ்டேஷனரிக் கடையில் செய்தே கிடைக்கும். கடையில் வாங்கிய மயில் சுவரில் தொங்கும். கலையரசியின் கோணல் மயில், 'நீட்டாகச் செய்யவும்' என்ற குறிப்போடு வீட்டுக்குத் திரும்பி வரும். பிள்ளையின் கைக்குத்தானே வேலை? கடைக்காரருக்கா பரீட்சை? கேட்டால், "எல்லாரும் அப்பிடித்தான்மா செய்றாங்க" என்பார் வகுப்பு டீச்சர் கிருஷ்ணவேணி.

இந்த முறை வந்தது 'நமக்கு உதவுபவர்கள்' விழா. ஒவ்வொரு குழந்தையும் ஒரு தொழிலாளியாக வேடம் போட்டு, அந்தத் தொழிலுக்கான பொருளை வீட்டிலேயே செய்து எடுத்துவந்து, மேடையில் இரண்டு வரி பேச வேண்டும். யாருக்கு என்ன வேடம் என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் டீச்சர் போட்டிருந்தார். இனியவன், டாக்டர். இன்னொரு குழந்தை போலீஸ். ஒன்று விமானி. கலையரசி, தூய்மைப் பணியாளர். செய்ய வேண்டிய பொருள், துடைப்பம்.

ஆரோக்கியசெல்வி அதைக் கடையில் நின்றபடியே படித்தாள். அன்று எத்தனை சேலையைத் தப்பாக மடித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்தால் கலையரசி வேலையைத் தொடங்கியே விட்டிருந்தாள். வீட்டுத் துடைப்பத்தில் பாதி ஈர்க்குச்சியை உருவி, தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டால் கட்டி, தூக்கிக் காட்டினாள்.

"அம்மா, பாத்தியா? சூப்பரா கீதுல்ல?"

ஆரோக்கியசெல்வியின் கணவன் அன்புச்செல்வன், விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே முட்டை வண்டி ஓட்டுபவன், அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"தூக்கிப் போடு அத! பழைய இயர்போன் கீது, பாட்டில் மூடி கீது. ஸ்டெதஸ்கோப் பண்ணிக் குடு. டாக்டரா போவட்டும்."

"எனக்குத் தொடப்பந்தான் வேணும்!" என்று பிள்ளை தரையில் புரண்டு அழுதது.

"ஐயோ, ரெண்டு பேரும் என்னப் பேஜாரு பண்ணாதீங்க!" என்று கத்தினாள் ஆரோக்கியசெல்வி. துடைப்பத்தில் ஒரு குற்றமும் இல்லை என்று கணவனுக்குச் சொல்ல வேண்டும். இந்தத் துடைப்பம் இந்தக் கைக்கு ஏன் வந்தது என்று மகளுக்குச் சொல்லவே கூடாது. இரண்டையும் ஒரே அறையில் எப்படிச் சொல்வது?

மறுநாள் காலை பள்ளி வாசலில் டீச்சரைப் பிடித்தாள்.

"நல்லதுக்குத்தாம்மா போட்டேன்," என்றார் கிருஷ்ணவேணி. "மத்ததுக்கெல்லாம் டிரெஸ், கோட்டுன்னு அலையணும். இதுன்னா உங்க பக்கம் ஈஸியா கிடைக்கும்."

"எங்க பக்கம்னா?"

"இல்ல... உங்க ஏரியால..."

"தொடப்பம் எல்லார் வூட்லயும் கீது மிஸ். உங்க வூட்ல இல்லியா?"

டீச்சரின் முகம் சிவந்தது. "எல்லாத் தொழிலும் உயர்ந்ததுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கத்தானே இந்த விழாவே!"

"சரிங்க மிஸ். அவ்ளோ உயர்ந்தத எங்களுக்கே குடுக்காதீங்க. வேற யாருக்குனா குடுங்க."

சாயங்காலம் குழுவில் செய்தி வந்தது: கலையரசி, தபால்காரர். அன்புச்செல்வன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். தாயும் மகளும் மளிகைக்கடை அட்டையை வெட்டிப் பை செய்தார்கள். காக்கி நிறத்துக்கு டீத்தூள் சாயம். கலையரசி துடைப்பத்தை மறந்து, தெருவில் போன ஆடுகளுக்கெல்லாம் கடிதம் கொடுத்தாள்.

அந்த நேரத்தில் எதிர்வீட்டுத் தையல்நாயகி வந்தாள். அவள் மகன் சேரனும் அதே வகுப்பு, அதே ஒதுக்கீட்டு இடம்.

"யக்கா, சேரனுக்கு டைலர் வேஷம்னாங்க. இப்ப மாத்திட்டாங்களாம். தொடப்பம். நீ கைவேலைலாம் நல்லா செய்வியே, எப்பிடிப் பண்றதுன்னு சொல்லிக் குடேன். எனக்கு நிம்மதிதான், அலைச்சல் இல்ல பாரு."

ஆரோக்கியசெல்வியின் கையிலிருந்த பசைக் கிண்ணம் அப்படியே நின்றது. துடைப்பம் தெருவை விட்டுப் போகவே இல்லை. எதிர்வீட்டுக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். வகுப்பில் எத்தனையோ பிள்ளைகள் இருக்க, டீச்சரின் கண் மறுபடியும் அதே தெருவைத்தான் தேடிப் பிடித்திருக்கிறது.

"வுடு செல்வி," என்றான் அன்புச்செல்வன் மெல்ல. "நம்ம புள்ள தப்பிச்சிது. அந்த ஸ்கூல்ல சீட் கெடைச்சதே பெருசு. ரொம்பப் பேசினா புள்ளய ஒரு மாதிரி பாப்பாங்க."

"இப்ப மட்டும் எந்த மாதிரி பாக்கறாங்களாம்? நம்ம புள்ள தப்பிச்சுதாம்! எதிர்வூட்டுப் புள்ள யாரு வூட்டுப் புள்ள? நீ டீக்கடைல ஒக்காந்து பேசற நாயமெல்லாம் டீக்கடையோடதானா?"

அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனான். பேச வேண்டிய இடத்தில் வெளியே போவதில் அவன் கெட்டிக்காரன்.

அவள் ஃபோனை எடுத்துக் குழுவில் குரல் பதிவு போட்டாள். "மிஸ், கலையரசிக்குப் போஸ்ட்மேன் வேணாம். சேரனுக்குத் தொடப்பமும் வேணாம். எல்லாத் தொழிலையும் சீட்டுல எழுதி, எல்லாப் புள்ளைங்களுக்கும் குலுக்கி எடுங்க. என் புள்ளைக்கே தொடப்பம் வந்தாலும் சந்தோசமா செஞ்சி எடுத்தாறோம்."

நீல நிற டிக்குகள் விழுந்துகொண்டே இருந்தன. பிறகு இனியவனின் அப்பா குமரேசன் எழுதினார்: 'எங்களுக்கு டாக்டர் கோட் வாடகைக்கு எடுத்தாச்சு.' அதற்குக் கீழே பல கட்டைவிரல்கள். கடைசியாக டீச்சர்: 'தூய்மைப் பணியாளர் வேடம் நீக்கப்படுகிறது. சேரன், மரம்.'

மரம்! ஊர் விழிக்கும் முன்பே ஊரைப் பெருக்கி வைக்கிறார்களே, அவர்கள் நமக்கு உதவுபவர்கள் இல்லையாம். ஒன்று, எங்கள் பிள்ளை கையில் திணிப்பார்கள். இல்லையென்றால் அப்படி ஒரு தொழிலே இல்லை என்பார்கள். தங்கள் பிள்ளை கையில் மட்டும் கொடுக்க மாட்டார்கள்.

இந்த முறை தையல்நாயகிக்கும் சுருக்கென்று பட்டது. ஆனால் வேறு இடத்தில்.

"மரம் இன்னாத்தப் பேசும்க்கா? அவன் ரெண்டு வரியையும் மனப்பாடம் பண்ணிக்கினு கெடக்கறான். எம்புள்ள சும்மா நிக்கணுமா?"

"வா, போய்க் கேப்போம்," என்றாள் ஆரோக்கியசெல்வி.

காலையில் இருவரும் வகுப்பு வாசலில் நின்றார்கள். பிள்ளைகளை விட வந்த மற்ற தாய்மாரும் நடையை மெதுவாக்கினார்கள்.

"இப்ப என்னம்மா பிரச்சனை? அதான் எடுத்தாச்சே!" என்றார் டீச்சர்.

"எடுக்கச் சொல்லல மிஸ். குலுக்கச் சொன்னேன். முடியாதுன்னா ஒண்ணு செய்யுங்க. மொதல்ல என் பொண்ணு, அப்புறம் சேரனு. ரெண்டு தடவையும் எங்க தெருவுக்கே ஏன் வந்துச்சு? இவங்க எல்லார் முன்னாடியும் காரணம் சொல்லிடுங்க. நான் போயிடறேன்."

கிருஷ்ணவேணி சுற்றிலும் பார்த்தார். காரணம் அவருக்குத் தெரியும். வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்ல முடியாத காரணம் அது. மணி அடித்தது. அவர் பழைய தாள் ஒன்றைக் கிழித்துத் தொழில்களை எழுதினார். துடைப்பத்தையும் எழுதினார். சுண்ணக்கட்டிப் பெட்டியில் போட்டுக் குலுக்கினார். குழந்தைகள் சாக்லேட் எடுப்பதுபோல் முண்டியடித்து எடுத்தார்கள்.

பெட்டிக்கு முகவரி தெரியாது. சேரனுக்குத் தீயணைப்பு வீரர் வந்தது. கலையரசிக்குக் காய்கறி வியாபாரி. துடைப்பம் இனியவனுக்கு.

வாசலில் நின்ற யாரோ உடனே ஃபோன் போட்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் டீச்சரின் ஃபோன் அலறியது. கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது. "நான் இல்ல சார்... பேரண்ட்ஸ் கேட்டாங்க... இங்கதான் இருக்காங்க," என்று ஃபோனை ஆரோக்கியசெல்வியிடம் நீட்டிவிட்டார்.

"யாரும்மா நீ? என் பையன் எதுக்குத் தொடப்பம் தூக்கணும்?" என்றார் குமரேசன் மறுமுனையில்.

"இதே கேள்விய நானும் கேட்டேன் சார். பதிலு வரல. அதான் குலுக்கல்."

"மேனேஜ்மெண்ட்ல பேசிக்கிறேன்."

"பேசுங்க சார். எதுக்குத் தூக்கக் கூடாதுன்னு அங்கயும் கேப்பாங்க. ஒரு பதில ரெடி பண்ணிக்கினு போங்க."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. ஆரோக்கியசெல்வி ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள். ஒதுக்கீட்டு இடம், வருகிற வருடம், மகளைப் பார்க்கப் போகும் பார்வைகள், எல்லாம் நெஞ்சில் வந்து மோதின. ஆனாலும் அங்கிருந்து நகரவில்லை.

"பட்டியலு போடுங்க மிஸ். பாத்துட்டுப் போறேன். எனக்குக் கடைக்கு லேட்டாவுது."

டீச்சர் பெற்றோர் குழுவைத் திறந்தார். பிறகு தட்டத் தொடங்கினார். ஆரோக்கியசெல்வியின் பையில் ஃபோன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். இனியவன் பெயருக்கு நேரே, குலுக்கலில் வந்தது வந்தபடியே இருந்தது.

தையல்நாயகி எட்டிப் பார்த்து, "தீயணைப்புக்குத் தொப்பி எதுலக்கா செய்யறது?" என்றாள்.

"சாயங்காலம் புள்ளயக் கூட்டியா. அவனே செய்வான். நீ கத்தரிக்கோலத் தொட்ட, கைய ஒடிப்பேன்," என்று சொல்லிவிட்டு, கடையைப் பார்த்து ஓடினாள் ஆரோக்கியசெல்வி.