நாத்தனார் கேட்ட பதினேழு கேள்விகள்

மென்பொருள் நிறுவனம் ஒன்றில் ஒன்பது வருடம் தொலைபேசியில் வாடிக்கையாளர்களுக்கு வழி சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தொண்டை கெட்டுப்போனது. பேச்சைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். சொன்னதையே எழுதினால் என்ன என்று, மென்பொருளுக்குக் கையேடு எழுதும் வேலைக்கு விண்ணப்பித்தாள். போன இடமெல்லாம் முன்பு எழுதிய கையேடுகளின் மாதிரிகள் கேட்டார்கள். அவளிடம் ஒன்றுகூட இல்லை.

இலவசமாகக் கிடைத்த ஒரு புகைப்பட மென்பொருளுக்குத் தானே கையேடு எழுதினாள். அதைத் தையல்கடை வைத்திருக்கும் நாத்தனாரிடம் கொடுத்தாள். நாத்தனார் கணினி என்றாலே காத தூரம் ஓடுகிறவள்.

"அண்ணி, 'சேமிக்கவும்'னு போட்டிருக்கீங்களே, எங்க சேமிக்கிறது? பீரோலயா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அந்த வரியைத் திருத்தினாள். இப்படிப் பதினேழு கேள்விகள் வந்தன. கடைசியில் நாத்தனார் யார் உதவியும் இல்லாமல், தான் தைத்த கவுன்களின் படங்களையெல்லாம் கணினியில் வரிசையாக அடுக்கிவிட்டாள்.

அடுத்த நேர்காணலுக்கு, திருத்திய கையேட்டோடு பழைய பிரதியையும் நாத்தனாரின் கேள்விகளையும் கொண்டுபோனாள். மேலாளர் புரட்டிப் பார்த்தார்.

"எல்லாரும் நல்லா வந்ததை மட்டும்தான் காட்டுவாங்க. நீங்க தப்பையும் சேர்த்துல்ல கொண்டுவந்திருக்கீங்க! எப்ப வேலைக்கு வர்றீங்க?"

செய்தி கேட்டு நாத்தனார் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"அடுத்த கையேட்டுக்கும் என்னைத்தான் கூப்பிடணும், சொல்லிட்டேன்!"